எழுதிக் கொடுக்காத சாட்சி

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்!

இன்று வாலிபர் ஞாயிறு. என் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒன்பதாம் வகுப்பு ஜெபசிங் மைக்கைப் பிடித்து, "அநேக ஆண்டுகளாய் உலக இன்பத்தில் மூழ்கிக் கிடந்த என்னை ஆண்டவர் தூக்கியெடுத்தார்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். பெண்கள் பக்கத்திலிருந்து அவன் அம்மா, "எங்கன மூழ்கிக் கிடந்தான் இவன்? எட்டு மணிக்கே தூங்கிருதானே!" என்றாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. குருவானவரே சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

பரவாயில்லை. ஆள் முன்னால் வாயே திறக்காத பிள்ளைகள், மைக் வரைக்கும் வந்துவிட்டார்கள். இவர்களைப் பேச வைக்காமல் நான் விடுவதாக இல்லை.

ஜூலை 19, சனி

சீசன் ஜோர். குற்றாலத்து அருவியில் மூக்குக் கண்ணாடியைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் தென்காசிக்கு, எங்கள் கண்ணாடிக் கடைக்குத்தான் தட்டுத்தடுமாறி வருகிறார்கள். நிற்க நேரமில்லை.

ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் ஜெனி கடைக்கே வந்துவிட்டாள். என் வகுப்பிலேயே அமைதியான பிள்ளை, பிளஸ் ஒன். முகமே சரியில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் சிநேகிதி மாரிச்செல்வி வீட்டுப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நேற்று மாரிச்செல்வி ஆசை ஆசையாகச் சர்க்கரைப் பொங்கலை இலையில் மடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்திருக்கிறாள். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுதேன்னு வாங்கிட்டேன் அக்கா. அப்புறம் யாரும் பாக்காம குப்பைத் தொட்டில போட்டுட்டேன். அவ பாத்துட்டா."

மாரிச்செல்வி சண்டை போடவில்லை. "வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா" என்று மட்டும் கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள்.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"சொன்னா கோவிச்சுக்கிடுவான்னு பயந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பது அவள் விசுவாசம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் சிரித்துக்கொண்டு வாங்கி, பொய் சொல்லி, அடுத்தவள் வீட்டுச் சோற்றைக் குப்பையில் போடுவது — அது என்ன விசுவாசம்? வாய்விட்டே சொல்லிவிட்டேன். அழுதாள். அழட்டும் என்று இருக்க முடியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

மாரிச்செல்வியிடம் என்ன பேச வேண்டும் என்று ஜெனிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். இரண்டு வேத வசனம் வேறு சேர்த்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதச் சொன்னா, பேசுதது நான் இல்லன்னு அவ கண்டுபிடிச்சிருவா அக்கா."

சுருக்கென்றது. ராத்திரி சோறு இறங்கும்போதுதான் உறைத்தது, பிள்ளை சொல்வது சரி. ஜெபசிங்கின் சாட்சியும் என் சாட்சிதானே? இத்தனை நாள் பிள்ளைகளுக்கு வாயைக் கொடுத்தேனா, இல்லை, இருந்த வாயையும் அடைத்தேனா?

இனி யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. முடிந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெனி இன்னும் பேசவில்லையாம். நான் போய்ப் பேசட்டுமா? கூடாது. சும்மா இரு, சுகிர்தம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு என்பதால் பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப் போனேன். ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்து, பொட்டலச் சோறு தின்று, சாரலில் நனையாத ஓரமாக உட்கார்ந்தோம். "சாட்சி வேண்டாம். நிசமா உள்ளத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

ஜெபசிங் தலையைச் சொறிந்தான். "கணக்குப் பரீட்சைன்னா ஜெபம் பண்ணுவேன். முடிஞ்சிட்டுன்னா மறந்துருவேன்." எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு ஒவ்வொருவரும் பேசினார்கள், நிறுத்தத்தான் முடியவில்லை.

கடைசியில் ஜெனி. "நேத்து மாரிச்செல்விட்ட பேசிட்டேன். குப்பையில போட்டது தப்பு, மன்னிச்சிருன்னேன். சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிட மாட்டோம், எனக்கு இயேசுன்னா உயிரு, அத உன்ட்ட மறைச்சிருக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"பூராவும் கேட்டா. போயிட்டா." ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "அவ பேசாட்டா கஷ்டமாத்தான் இருக்கும் அக்கா. ஆனா நான் சொன்னது நிசம்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வரும்வரை மாரிச்செல்விக்காகவும் ஜெபித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். யூனிஃபார்மில் இரண்டு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒன்று ஜெனி. மற்றது, "நான் மாரிச்செல்வி" என்றது.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. படைப்பதற்கு முன்னாலேயே அவள் அம்மா ஜெனிக்கென்று கொழுக்கட்டையைத் தனியாக எடுத்து வைத்து, இன்று கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.

"மத்தியானம் டப்பாவத் திறந்தா, இவ கண்ண மூடிட்டா அக்கா. பெஞ்சு மொத்தமும் இவளையே பாக்கு. பெல் அடிக்கப் போவுது, ஜெபத்தச் சுருக்குட்டின்னேன்" என்றாள் மாரிச்செல்வி.

"சுருக்குனாளா?"

"எங்க? முழுசா முடிச்சு, ஆமென்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் கொழுக்கட்டைல கைய வச்சா."