ஒரு விரல் இடைவெளி

ஆவடி,
24.11.1985

அன்புள்ள அத்தானுக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் குழந்தை புஷ்பாவும் சௌகரியம். வீடுதான் சௌகரியமாக இல்லை. ஜபல்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்துப் பூஜை செய்யாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரெயினிங் போவதற்கு முன்னால், சங்கச் செயலாளராக நீங்கள் மனு மேல் மனு போட்டு ஒரு பாதை வாங்கிக் கொடுத்தீர்களே, குவார்ட்டர்ஸிலிருந்து ஃபாக்டரி கேட் வரைக்கும், சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் என்று சிமெண்ட் ஸ்லாப் போட்டு, அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பழைய செங்கல் ஜல்லிப் பாதையில் சேலை அழுக்காகும், வாஸ்தவம். ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும். இந்த ஸ்லாப்பில் ஒரு சொட்டு இறங்காது. இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். பெய்கிற மழை அத்தனையும் வழிந்து நம் வாசற்படி ஏறி உள்ளே வருகிறது. அரிசி டின்னைக் கட்டில் மேல் ஏற்றி இறக்கியே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. போகிற வருகிறவர்கள் வேறு, "உங்க வீட்டுக்காரர் போட்ட ரோடு" என்று சிரிக்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

பார்க் ஓரமாகக் கொஞ்ச தூரம் ஸ்லாப் போதாமல் பழைய ஜல்லியாகவே விட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் தண்ணீர் நிற்பதே இல்லை. பராமரிப்பு ஆபீசில் போய் இதைச் சொன்னேன். புது வேலையைப் பெயர்த்தால் ஆடிட்டில் கேள்வி வருமாம். என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் யாருக்கும் கேள்வி வராது போலிருக்கிறது.

புதன்கிழமை பக்கத்து வீட்டு பால்ராஜ் அண்ணன் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஸ்லாப்பில் படிந்த பாசியில் சைக்கிள் சறுக்கி விழுந்து வலது கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அவர் மனைவி சுசீலா அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் கடப்பாரையை எடுத்தோம். பிளாக்கில் இன்னும் சில பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நம் வாசலுக்கு எதிரே இருந்த ஸ்லாப்புகளை நெம்பி எடுத்து, அடியில் இருந்த சிமெண்டைக் கொத்தி, ஜல்லியும் மணலும் கொட்டினோம். ஒரு விரல் இடைவெளி விட்டு ஸ்லாப்பைத் திரும்பப் பதித்து, இடுக்கில் பொடி ஜல்லி நிரப்பினோம். சனிக்கிழமை கொட்டிய மழை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. வாசற்படி நனைந்ததோடு சரி.

சாயந்திரம் பராமரிப்பு ஆபீஸ் சூப்பர்வைசர் ஜம்புலிங்கம் வந்தார். தண்ணீர் இல்லாததை அவர் பார்க்கவில்லை, கடப்பாரையைத்தான் பார்த்தார். "இன்னாமா, கவர்மென்ட் ரோட்டை ஒடச்சி வெச்சிகினு கீறீங்க? மெமோ உங்க ஊட்டுக்காரர் பேருக்குத்தான் வரும்" என்றார். நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் மேலே போகாமல் முடித்துவிடுவார்களாம். பாதையையும் பழையபடி சிமெண்ட் பூசி அடைத்துவிடுவார்களாம்.

அத்தான், உங்களை எனக்குத் தெரியும். லீவு கேட்பதற்கே வருத்தம் தெரிவித்து எழுதுகிறவர் நீங்கள். மெமோ கைக்கு வந்ததும், 'என் மனைவி அறியாமல் செய்துவிட்டாள்' என்று எழுதத்தான் தோன்றும். நான் அறிந்துதான் செய்தேன். என் மேல் கோபம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். ஆபீசுக்கு அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்களை நம்பியிருக்கும்,
கஸ்தூரி