வட்டம் விழாத கதவு

அன்பு மகளுக்கு,

நீயும் வயிற்றுப்பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே அப்பா நலம். நானும் நலம்தான், இப்போது எனக்குள்ள கஷ்டமே அதுதான். பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று போனில் சொன்னபோது சிரித்துவிட்டாய், "உன் கையால சாப்பிட்டு வளர்ந்தவ நான், எனக்கென்ன ஆச்சு" என்றாய். அதனால் பொறுமையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் தெருவில் டைபாய்டு பரவியது உனக்குத் தெரியும். காய்ச்சல் கண்ட வீட்டுக் கதவில், தன் ஆட்களுக்கு அடையாளமாக, சுகாதார ஆய்வாளர் அம்மா சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார். முதலில் தையல்காரர் வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு மாடிவீட்டு வாயாடிச் சிறுமி. குழாய்த் தண்ணீர், பால், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றையும் சோதித்தார்கள், எதிலும் குற்றமில்லை. வட்டம் மட்டும் கதவு கதவாக நகர்ந்தது. ஓயாமல் பேசும் அந்தக் குட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அவள் வாயே திறக்கவில்லை. வட்டம் நம் வீட்டைத் தாண்டி அடுத்த கதவுக்குப் போனது. தப்பித்தோம் என்று நானும் நினைத்தேன்.

கடையில் என்ன வாங்கித் தின்றீர்கள் என்று ஆய்வாளர் வீடு வீடாகக் கேட்டார், ஒன்றுமில்லை என்றார்கள். பொய்யில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்ததை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? யார் வீட்டு டப்பாவையும் நான் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டேன், பழத்தை நறுக்கிச் சர்க்கரை தூவி நிரப்பித்தான் கொடுப்பேன் என்பது உனக்குத் தெரியுமே. ஒரு மத்தியானம் ஆய்வாளர் நம் வாசலில் நின்று தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். பிறகு நம் கதவைத் தடவி, "ஏன் டீச்சர், உங்க கதவுல மட்டும் ஒண்ணுமே இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றே என்னையும் சோதனைக்கு அனுப்பினார்.

கிருமி என்னிடம்தான் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. நீ வெளியூர் போன பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, மாத்திரையில் போய்விட்டது என்றிருந்தோம், அது போகவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் பூனைபோல இருந்துகொண்டு அக்கம்பக்கத்தில் திருடும் குடித்தனக்காரன் மாதிரி, அது என் பித்தப்பையில் குடியிருக்கிறது. கொதித்த சாப்பாட்டில் அதன் ஜம்பம் பலிக்காது, பச்சையாக நறுக்கிக் கொடுப்பதில்தான் ஏறிக்கொள்கிறது. அப்பா சர்க்கரை நோயாளி, பழத்தைத் தொடாததால் பிழைத்தார். "முதல் தடவையா என் சர்க்கரைக்கு நன்றி சொல்றேன்" என்கிறார். வாயாடி வீடு திரும்பிவிட்டாள், ஆனால் என்னைக் கண்டால் மாடிச்சுவருக்குப் பின்னால் குனிந்துகொள்கிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என்றும் போலவே இருக்கிறது. அதுதான் பயம்.

மருந்து சாப்பிடுகிறேன், கேட்காவிட்டால் பித்தப்பையை எடுப்பார்களாம். அதுவரை நான் அங்கே வரக் கூடாது, பிரசவத்துக்கு உன் மாமியாரையே வரச் சொல். உப்பை அள்ளிப் போடுவார், பரவாயில்லை, நீ முகம் சுளிக்காதே. நான் வந்தால் சும்மா உட்கார மாட்டேன், நீ பசிக்கிறது என்றால் என் கை தானாகக் கத்தியை எடுத்துவிடும். டிக்கெட்டை அப்பா நேற்று ரத்து செய்துவிட்டார்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையும் நூறாண்டு வாழுங்கள். ஒன்றை மறக்காதே. மனம் கேட்காமல் நானே ஒருநாள் உன் வாசலில் வந்து நின்று, குணமாகிவிட்டது என்று சொன்னாலும், டாக்டர் சீட்டைப் பார்க்காமல் சமையலறைக்குள் விடாதே. நான் அழுதாலும் விடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா