பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்றவளின் மனு

அனுப்புநர்
மா. அமிர்தம், க/பெ மாதன்,
நொச்சிமேடு, கரியாலூர் வழி,
கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
மக்களவைத் தலைவர் அவர்கள்,
நாடாளுமன்றம், புதுதில்லி.

பொருள்: எங்கள் ஓடைப் பாலத்துக்காகப் பேச வேண்டிய உறுப்பினர் அவைக்கு வராதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஐப்பசியில் என் நாத்தனார் சின்னப்பொண்ணுக்குப் பிரசவ வலி வந்தது. தூளி கட்டித் தூக்கி வந்தோம். ஓடையில் வெள்ளம் வடிய நான்கு மணி நேரம் கரையில் காத்திருந்தோம். குழந்தை அங்கேயே பிறந்து அங்கேயே இறந்தது.

2. பாலம் கேட்டு எங்கள் உறுப்பினர் திரு. முருகவேலிடம் ஏழு முறை மனு கொடுத்தோம். அவையில் பேசுவோரைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் தன் பெயர் வந்திருப்பதாகவும், மறுநாள் நேரமில்லா நேரத்தில் நிச்சயம் பேசுவதாகவும் இந்த ஆடியில் சொல்லி அனுப்பினார். நம்பினோம்.

3. பன்னிரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து, கரியாலூர் டீக்கடை டிவி முன் உட்கார்ந்தோம். அன்று தங்கள் நாற்காலியில் இருந்தவர் முருகவேல் பெயரைக் கூப்பிட்டார். ஆள் இல்லை. எங்கள் ஊர்க்கூட்டத்தில் கூப்பிட்ட ஆள் வராவிட்டால், அவர் தரப்பில் ஒருவர் எழுந்து குரல் கொடுப்பார். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அவரிடம் விஷயத்தைக் கேட்பார். அந்தப் பழக்கத்தில் நானும் டிவி முன் எழுந்து, "இருக்கேங்க" என்றேன். அருவி பார்க்க வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குள் அடுத்த பெயர் கூப்பிட்டாகிவிட்டது.

4. அதே நேரத்தில் உறுப்பினர் நைனார்பாளையத்தில் கூழ் வார்க்கும் விழாவை முதல் கரண்டி ஊற்றித் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். படம் எல்லோர் போனுக்கும் வந்தது. கூழ் ஊற்ற அந்த ஊரில் ஆளா இல்லை? கரண்டி பிடிக்கவா ஐயா ஓட்டுப் போட்டோம்?

5. தாங்கள் கோபித்துக்கொண்டாலும் கேட்கிறேன். உறுப்பினர் வேலை பேசுவது. அவைத் தலைவர் வேலை, பெயர் கூப்பிடுவதோடு முடிந்துவிடுமா? வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்க முடியாதென்றால், அந்த நாற்காலியை ஏன் அவ்வளவு உயரத்தில் போட்டிருக்கிறார்கள்?

6. என் மகள் கவியாவுக்கு இது ஏழாம் மாதம். ஐப்பசியில் பிரசவம் என்கிறார் நர்சம்மா. அன்றும் அந்த ஓடையைத்தான் கடக்க வேண்டும்.

ஆகவே, இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் அவர் பெயரை இன்னொரு முறை கூப்பிட வேண்டுகிறேன். அன்றும் வராவிட்டால், எங்கள் விஷயத்தை வேறு உறுப்பினர் யாராவது படிக்க அனுமதி தாருங்கள். அதை எழுதிய தாளை இணைத்துள்ளேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது, படித்துப் பார்த்துவிட்டோம்.

அன்று கூப்பிட்டபோது யாரும் இல்லை என்று அவைக்குறிப்பில் எழுதியிருந்தால், அதை மட்டும் திருத்திவிடுங்கள் ஐயா. நான் இருந்தேன்.

இடம்: நொச்சிமேடு
நாள்: ஆடி 27

இன்னும் உட்காராமல் நிற்கும்,
மா. அமிர்தம்