அவளிடம் சொன்ன காரணம்

குட்டி அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகுவலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு எரிகிறது என்று சொல்லாதீர்கள். குட்டி அறிவியலில் வகுப்பிலேயே இரண்டாவது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. துவைத்துப் பிழிந்து அதுவே வெளியே தள்ளுகிறது. மடிக்கிற வேலை மட்டும் எங்களுக்கு.

இதையெல்லாம் சனிக்கிழமை நேரிலேயே சொல்லியிருப்பேன். கிடைத்த இருபது நிமிடத்தில் பாதிக்கு மேல் நீங்கள் அந்த ஆராய்ச்சிக்காரியைப் பற்றியே பேசினீர்கள். மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று புத்தகம் எழுதப் போகிறாளாம். புதன்கிழமை தோறும் வருகிறாளாம். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேசைதானாம். இரண்டு மணி நேரமாம். டீ வேறு வருகிறதாம். எனக்கென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நடுவில் கொரகொரக்கும் ஒரு டெலிபோன்.

“அந்தம்மா கேக்குற மாதிரி இதுவரைக்கும் என்னை யாரும் உக்கார வச்சுக் கேட்டதில்ல” என்று சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணமான புதிதில்கூட அதை நான் பார்த்ததில்லை.

வயிறு எரிந்தது. எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. இதைப் பிரித்துப் படிக்கும் வார்டர் ஐயாவும் தெரிந்துகொள்ளட்டும். உங்களைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து ஏன் செய்தீர்கள் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். “என்னமோ, புத்தி கெட்டுப்போச்சு” என்ற ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிக் கொடுத்தீர்கள். அவளுக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்குப் பேச்சு இருக்கிறது.

அவளுக்கு என்ன வயது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள் மனைவி


குட்டி அப்பாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. ‘அவள் நம் குட்டிக்கு அக்கா மாதிரி, நீ கண்டதை நினைக்காதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டிக்கு அக்காவாக இருந்தால் எனக்கு மகளாக வேண்டும். அப்படியானால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே உங்களிடம் வந்திருக்க வேண்டும்?

கிண்டல் போதும். அவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்தாள். நான் ஒரு மகாராணியை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தேன். மழையில் நனைந்த செருப்பும், தோளில் கிழிசலைப் பின் குத்திய பையுமாக ஒரு ஒல்லிக்குச்சி நின்றாள். இருபத்தாறு வயதிருக்கும். கை கழுவ வேண்டும் என்று குளியலறைக்குப் போனவள் வெளியே வரக் கொஞ்சம் நேரமானது. திருட்டுப் பொருள் என்று போலீஸ் கழற்றிக்கொண்டு போன வெந்நீர்க் குழாயின் ஓட்டையையும், அதில் நான் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாயையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

உங்கள் ஆராய்ச்சிதான் என்ன சொல்கிறது என்று கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னாள். “இதெல்லாம் வேணும், இருந்தாத்தான் மதிப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்றோம்கா. அங்க போற வழிய மட்டும் சிலபேருக்குத்தான் திறந்து வைக்கிறோம். மத்தவங்கள்ல யாராவது சுவர் ஏறிக் குதிக்கிறாங்க” என்றாள். தையல் பழகுகிற மாதிரி திருட்டையும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் பழகுகிறார்களாம். உங்கள் குழாய்க் கம்பெனிக் கிடங்கின் லோடிங் மேஸ்திரி, நல்ல பெட்டியை உடைசல் என்று எழுதி வெளியே எடுக்கக் கற்றுக் கொடுத்தாரே, அது இந்த வகையாம். ஒருத்தனைத் திருடன் திருடன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் அந்தப் பெயருக்கு ஏற்றபடி ஆகிவிடுவதும் உண்டாம்.

அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக ஒன்று சொன்னாள். தப்புச் செய்ய எல்லாருக்கும்தான் தோன்றுமாம். ஏன் செய்தான் என்று கேட்பதைவிட, மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டுமாம். வீடு, வேலை, பெண்டாட்டி, பிள்ளை என்று மனிதனைக் கட்டி வைக்கிற கயிறுகள் இருக்கின்றன, அவை தளர்ந்தவன் நழுவிவிடுகிறான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

எங்கள் வீட்டுக் கயிறு தளர்ந்துதான் கிடந்தது என்கிறாயா என்று கேட்டேன். பதறிப்போனாள். “ஐயோ, அப்படிச் சொல்லலக்கா. சார் உங்க தங்கச்சி வீட்டுக்குப் போன நாளைப் பத்தித்தான் அதிகமா பேசுவார். உங்ககிட்டயும் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொண்டேன். ஆமாம் சொன்னார், உன்னிடம் எப்படிச் சொன்னார் சொல் பார்ப்போம் என்று நைசாகப் பேசி வாங்கிவிட்டேன். பாவம், அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவள் சொன்னது இதுதான். அன்றைக்குத் தங்கையின் புது வீட்டைப் பார்க்கப் போனோம். குளியலறையில் வெந்நீர்க் குழாயை நான் நாலு தடவை திறந்து திறந்து மூடினேன். கதவோரம் நின்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. “அன்னைக்கு பஸ் கண்ணாடியில அவ முகத்தைப் பார்த்தேன், அப்புறம் நேருக்கு நேர் பார்க்க முடியல” என்று அந்த ஆராய்ச்சிக்காரியிடம் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் முதல் பெட்டி நம் வீட்டுக்கு வந்தது. ஒரு குழாயில் தொடங்கியது ஒரு லாரிச் சரக்கில் முடிந்தது.

எனக்காகத் திருடினீர்கள். அதை எனக்குச் சொல்ல மூன்றாவது மனுஷி வர வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பொறாமைப்பட்டேன் என்பது நிஜம். குழாய்மேலும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, தங்கை சொன்ன இன்னொன்றின்மேல்தான். குழாயைப் பொருத்துவதற்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, கை எட்டுகிறதா என்று கேட்டுப் பென்சிலால் கோடு போட்டாராம். பஸ்ஸில் அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என்ன யோசனை என்று நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நானாகவும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கனக்கிறது. கம்பெனி கழித்துப்போட்டது என்று சொல்லி நீங்கள் கொண்டுவந்த குழாய்ப் பெட்டியின் சீல் பிரிக்காமல் இருந்தது. எனக்குக் கண் இருக்கிறது. பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, தங்கையை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் புதுக் குழாயில் கை கழுவச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள். சலவைக்கூடத்தில் நாலு டவல் குறைந்தது. சூப்பர்வைசர் அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் பையை மட்டும் பார்த்தார். அதில் இருந்தது காலி டப்பாதான். “சும்மாதான் பார்த்தேன், தப்பா எடுத்துக்காத” என்று போய்விட்டார். திருடன் பெண்டாட்டி என்று மூன்று மாதமாக இப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எப்படியும் அந்தப் பெயர்தான், எடுத்துவிட்டாவது வாங்குவோமே என்று ஒரு புது டவலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆமாம், நான்தான். கேட் வரைக்கும் போனேன்.

அங்கேயே நின்றேன். என்னையும் பிடித்துவிட்டால் குட்டிக்கு யார், சனிக்கிழமை அந்த வரிசையில் நிற்க யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிப் போய் டவலை அடுக்கில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

அப்போதிலிருந்து ஒரே கேள்விதான் எனக்குள் அரிக்கிறது. கேட் வரைக்கும் போன என்னை நீங்கள் நிறுத்தினீர்கள். கிடங்கு வாசலில் உங்களை நான் ஏன் நிறுத்தவில்லை? என் முகம் பஸ் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிந்ததே, பெட்டியைத் தூக்கும்போது அது எங்கே போனது?

புதன்கிழமை அவள் வரட்டும், நான் தடுக்கவில்லை. படிக்கிற பெண், நல்லபடியாக எழுதி முடிக்கட்டும். லோடிங் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லுங்கள், சின்ன வயதில் உங்கள் அப்பா அடித்த அடியைப் பற்றிச் சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்கான பதிலை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கென்று வைத்திருங்கள். நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி