அப்பாவின் கடைவாய்ப் பல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறீர்களாமே, அம்மா போனில் சொன்னாள்.

இங்கே ஒரு வேடிக்கை. நான் உதவியாளாக வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் அன்று டாக்டர் வரத் தாமதமாகிவிட்டது. வலி தாங்காமல் ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நான் ஊரில் பல் டாக்டராக இருந்த பழக்க தோஷத்தில் டாக்டரின் ஸ்டூலில் உட்கார்ந்து, "எங்கே, ஆ காட்டுங்க" என்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார்.

"இந்த நாட்டு லைசென்ஸ் இல்லாம நீங்க பார்க்கக் கூடாதும்மா. என் லைசென்ஸும் சேர்ந்து போயிடும்" என்றார். திட்டவில்லை. நான் எழுந்து, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"அப்போ நீங்க டாக்டர் இல்லியா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்.

லைசென்ஸ் தேர்வை இந்தத் தடவையும் கோட்டை விட்டுவிட்டேன். "என் பொண்ணு வந்துதான் இந்தப் பல்லைப் புடுங்கணும்" என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். வேண்டாம் அப்பா. புதுப்பிக்காததால் நம் ஊர்ப் பல் டாக்டர் பதிவும் காலாவதியாகிவிட்டது. நாளைக்கே வந்து நின்றாலும் உங்கள் வாயில் கைவைக்கச் சட்டத்தில் எனக்கு இடமில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் டாக்டரிடம் போய்விடுங்கள். ஊசி போடும்போது மூச்சை அடக்காதீர்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

கருவிகளைக் கழுவக் கூப்பிடுகிறார்கள். பிடுங்கிய பல்லை மட்டும் எறிந்துவிடாதீர்கள் அப்பா. அதைத் தொட என்னிடம் யாரும் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள்.

உங்கள் மகள்