மாமனார் பெயர் வெட்டிய அண்டா

31.8.91, சனி

காலையில் நல்ல வெயில், மூன்று மணிக்கு மேல் மூட்டம். கொல்லையில் உலை மூட்டினேன். உலையாக்கிய பெயிண்ட் டிரம்முக்குள் போன வாரம் பூசிய சுடுமண் விரிசல் விடாமல் காய்ந்திருக்கிறது.

செய்தவை:
– அச்சு மணல் சலித்தது. மாடம்பாக்கம் ஏரிக் களிமண் ஒரு கை கூடுதல். பிடித்தால் பிடி நிற்கிறது.
– நான் கட்டிக்கொண்டிருக்கும் லேத்துக்குப் பெல்ட் ஓடும் புல்லி, அச்சு எடுத்தது. மரத்தில் செதுக்கிய மாதிரி வடிவம் மணலில் ஒட்டாமலிருக்க லூர்துவின் முகப்பவுடரைப் பழைய சாக்ஸில் போட்டுத் தட்டினேன். அவளிடம் கேட்கவில்லை.
– பல்லக்கு. நானே செய்தது. நடுவில் இரும்பு வளையம், இரண்டு பக்கமும் நீளக் கம்பி. உலோகம் உருகிய மூசைக் குடுவையை வளையத்தில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். எதிர்ப்பக்கம் எப்போதும் லூர்துதான். ஊரில் எந்தப் பெண்டாட்டி செய்வாள்?

அலுமினியம் போதவில்லை. லூர்து மார்க்கெட் போயிருந்தாள். பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினேன். ஓட்டை வாளி, நசுங்கின அண்டா. சுத்தியலால் நாலு போடு போட்ட பிறகுதான் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயர் கண்ணில் பட்டது. சூசை. என் மாமனார். எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவர் போய் நாலு வருஷம்.

பாதி உடைந்தாயிற்று, இனி ஒட்டவா போகிறது என்று மீதியையும் உடைத்து மூசையில் போட்டேன்.

லூர்து வந்தாள். நான் சொல்லவில்லை. தன் அப்பா அண்டாவை ஊற்ற அவளே கை கொடுத்தாள்.

புல்லி அருமையாக விழுந்திருக்கிறது. ஒரு ஓட்டை இல்லை. சந்தோஷமாக இல்லை.

3.9.91, செவ்வாய்

தூறல். தாம்பரத்திலேயே ரயில் இருபது நிமிடம் லேட். ரயிலில் ஒருவர், "எல்லாருக்கும் ஆபீஸ் கீது, ரயிலுக்கு மட்டும் இல்ல போல."

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் லூர்து. பல்வலி என்றேன். கிராம்பு கொடுத்தாள். நல்ல பல்லில் அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல ஒரு கோழை கிடையாது.

7.9.91, சனி

நாளை மாதா பிறந்த நாள். வருஷத்தில் இந்த ஒரு நாளுக்குத்தான் அந்த அண்டா இறங்கும், பிரியாணிக்கு. இது எப்படி எனக்கு ஞாபகம் வராமல் போயிற்று?

லூர்து ஸ்டூல் போட்டு ஏறிப் பரணெல்லாம் தேடினாள். இரண்டாம் முறை ஏறியபோது சொல்லிவிட்டேன்.

"உடைக்கும்போது பேரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா?"

அவ்வளவுதான். ஸ்டூலைத் துடைத்து இடத்தில் வைத்தாள்.

8.9.91, ஞாயிறு

கோயில். கூட்டம். வீட்டில் தக்காளி சாதம். பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, இந்த வருஷம் வாசனையே காணோம்?" லூர்து, "உடம்பு சரியில்ல" என்றாள். யாருக்கு உடம்பு என்று சொல்லவில்லை.

11.9.91, புதன்

என்னோடு பேச்சு இல்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்: "ரசம் ஆறிடும்." "கேஸ் தீர்ந்து போச்சு." நானும் சுவரைப் பார்த்து, "சரி."

மாலை மேற்குத் தாம்பரம் பாத்திரக் கடை. அதே அளவில் ஒரு அண்டா. கொடுத்தவர் பெயராகச் சூசை என்று வெட்டச் சொன்னேன். வெட்டுகிறவர், "யாரு சார், மாமனாரா? கூட வரலியா?"

"அவர் இல்ல. இறந்துட்டார்."

கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். "செத்தவரு எப்படி சார் புதுசா குடுப்பாரு? நமக்கு இன்னா, வெட்டச் சொன்னா வெட்டறேன்."

வெட்டித்தான் கொடுத்தார். லூர்து அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அண்டாவைத் தூக்கிப் பரணில் கவிழ்த்தாள். வெட்கமாகப் போயிற்று. பெயர் வெட்டுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

14.9.91, சனி

புல்லியை ரம்பம் போட்டு அறுத்தேன். மாதிரி செதுக்கியது முதல் மூன்று வார வேலை. அண்டா எங்கேயும் போய்விடவில்லை, இதற்குள்தான் இருக்கிறது. லேத் கிடக்கட்டும்.

15.9.91, ஞாயிறு

மழை இல்லை. பூசை முடிந்து வந்து உலை மூட்டினேன். பிஸ்கட் டின் மூடியை மணலில் அழுத்தித் தட்டையாக ஒரு அச்சு. பலகை மாதிரி வார்த்துக் கொடுப்பதாக எண்ணம். பல்லக்கின் ஒரு முனையைச் செங்கல் அடுக்கில் முட்டுக் கொடுத்துத் தனியாகவே தூக்கிவிடலாம் என்று வெறும் மூசையை வைத்துப் பார்த்தேன். சரிந்தது. இன்னொரு தடவை. அதுவும் சரிந்தது.

பின்வாசலில் லூர்து. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்ன ஊத்தப் போறீங்க?"

"அண்டாவை."

வந்து குந்தினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அச்சின் அடி மணலில் எழுதினாள். சூ. சை. மணல் உதிராமல், நிதானமாக, அழகாக.

அப்படியே ஊற்றினால் வார்ப்பில் எழுத்து இடம் வலமாகத் திரும்பி வரும். எட்டு நாள் கழித்து இப்போதுதான் என்னிடம் வாயைத் திறந்திருக்கிறாள். இப்போது போய்த் தப்பு என்று சொன்னால் எழுந்து போய்விடுவாளோ?

"லூர்து, இப்படி எழுதினா திருப்பி வரும்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்னாடியே சொல்றதுக்கும் உங்களுக்குத் தெரியுமா?"

சரிந்து கிடந்த மூசையை நிமிர்த்தி வைத்தேன்.

உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்றே நினைத்தேன். கைக்கண்ணாடியும் காகிதமுமாக வந்தாள். காகிதத்தில் எழுதி, கண்ணாடியில் பார்த்து, மணலைத் தட்டிச் சமன் செய்து, மறுபடி முதலிலிருந்து. அரை மணி நேரம். நான் மூசையை நிரப்பி உலைக்குக் காற்றடிக்கும் ப்ளோயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

உருகியதும் அவளே எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்தாள். "கால் பத்திரம்" என்றேன். "உங்க காலைப் பாருங்க" என்றாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆறட்டும் ஆறட்டும் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் மணலைத் தள்ளினாள். சூ கொஞ்சம் கோணல், சை நேராக இருந்தது. எழுத்தைத் தொட்டாள். சுட்டுவிட்டது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர், விரலுக்கா அப்பாவுக்கா தெரியவில்லை. அண்டாவுக்கு, பவுடருக்கு, கிராம்புக்கு, எட்டு நாளைக்கும் சேர்த்து, பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.