பானைக்குத் தெரிந்துவிட்டது

வாமாந்த்லா,
செப்டம்பர் 24, செவ்வாய்.

அன்புள்ள எவரார்தோவுக்கு,

அன்புள்ள என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும் என்பதால் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நானும் வயிற்றில் இருப்பதும் நலம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வீங்கியிருக்கிறது. அதற்குக் காரணமும் நீதான், சொல்கிறேன்.

டிசம்பர் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்டோபர் ஐந்தாம் தேதி வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன், டிசம்பர் பதினைந்து வரைக்கும் அந்த ஆப்பிள் தோட்டத்திலேயே பழம் பறிக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பிள்ளைக்கு டாக்டர் சொல்லியிருக்கும் தேதி அக்டோபர் இருபது. போனில் கேட்டால், 'சிக்னல் விட்டு விட்டு வருது ஓதிலியா, ஒண்ணும் கேக்கல' என்பாய். தாளுக்கு சிக்னல் வேண்டாம். வியாழக்கிழமை உன் தோட்டத்துக்கே வேலைக்கு வருகிற, பக்கத்து வீட்டு செமாவின் மச்சானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி. பாதியில் மடித்துப் பையில் போட்டுக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை பேபி ஷவர் நடந்தது. உன் அக்கா மார்லேன்தான் ஆரம்பித்தாள். 'வீட்டோட வச்சுக்கலாம், ரொம்ப சிம்பிளா, நாப்பது பேரு' என்றாள். அந்த நாற்பதை உன் கூக்கா சித்தி மில்லில் மாவு அரைக்க வரிசையில் நின்றபோது எல்லார் காதிலும் போட்டுவிட்டாள். மறுநாள் எண்பது. சனிக்கிழமை எண்ணினால் நூற்றிருபது. சிம்பிளாம்!

சாப்பாட்டுக்கு மார்லேன் ஒரு திட்டம் வைத்திருந்தாள். ரொட்டியைப் பிள்ளைத் துணி மாதிரி முக்கோணமாக வெட்டி உள்ளே ஹாம் வைப்பது, பால்புட்டி வடிவில் ஜெல்லி. நூற்றிருபது பேருக்கு! வயலிலிருந்து வரும் உன் மாமன்மார் அதை எங்கே வைத்து மெல்லுவார்கள்? நான், சோளமாவை மடலில் பொதிந்து ஆவியில் அவிக்கிற நம் தமால்தான், ஆளுக்கு இரண்டு, பன்றி இறைச்சியும் சிவப்பு மிளகாய்க் குழம்பும் வைத்துக் கொஞ்சம், பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கொஞ்சம், பிள்ளைகளுக்குத் திராட்சை போட்ட இனிப்பு, கூடவே அரிசி, பீன்ஸ், சூடாகச் சோளக்கஞ்சி என்று சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு கூக்கா சித்தி வாயைத் திறந்தாள்.

'செய்யலாம். ஆனா நீ பானை பக்கம் வரக்கூடாது. வயித்துப் பிள்ளைக்காரி பார்த்தா தமால் வேகாது. அதுவும் நீ ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே திரியற. கோவக்காரி வேற, பிள்ளைத்தாச்சி வேற. ரெண்டும் சேர்ந்தா சாமியே வந்தாலும் மாவு மாவாத்தான் இருக்கும்.'

எவரார்தோ, இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் ஆறு வருஷமாகக் காலை ஆறு மணிக்குத் தமால் விற்கிறவள் நான். டிரைவர்கள் பன்னுக்குள் என் தமாலை வைத்துத் தின்றுவிட்டுத்தான் வண்டியையே எடுப்பார்கள். இந்த எட்டு மாதமும் இதே வயிற்றோடுதான் விற்றேன். ஒன்று, ஒரே ஒன்று வேகாமல் போனதா? கேட்டேன். 'அது வியாபாரம், இது விசேஷம்' என்கிறாள்.

மாவு பிசையக்கூட விடவில்லை. கொழுப்புச் சேர்த்து அடித்த மாவில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அதையாவது பார்க்கிறேன் என்றால், 'பார்க்காத, பார்க்காத!' என்று மார்லேன் துண்டால் சட்டியை மூடினாள். உன் அம்மாதான் பிசைந்தார். எப்போதும் பேசிக்கொண்டே பிசைகிறவர் அன்று வாயைத் திறக்கவில்லை. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கொல்லையில் விறகடுப்பு மூட்டினார்கள். மாதா கோயிலில் இரவல் வாங்கிய பெரிய பானை. என்னை உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, நாற்காலிக்கு ரிப்பன் கட்டி, வயிற்றைச் சுற்றி எத்தனை முழம் கழிவறைக் காகிதம் வரும் என்று பந்தயம் வைத்தார்கள். காளைமாட்டுக்குக்கூட இத்தனை பேர் சுற்றளவு எடுப்பதில்லை.

பானைக்கு அடியில் நான் எப்போதும் ஒரு நாணயம் போடுவேன், உனக்குத் தெரியும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இங்கேயும் போட்டிருந்தார்கள். பேச்சில் அவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. பத்தரை மணிக்குச் சத்தம் நின்றது. 'தண்ணி வத்திடுச்சு! தண்ணி ஊத்துங்க!' என்று கத்தினேன். 'பார்த்தியா, மறுபடி கோவப்படறா' என்று சித்தி ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்தார்கள். அடியில் மடல் கருகியிருக்கிறது, மேலே மாவு கையில் ஒட்டுகிறது. இரண்டு மணிக்கு நூற்றிருபது பேர். மார்லேன் அழ ஆரம்பித்தாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான்தான் போய்ப் பானைக்குள் உட்கார்ந்திருந்த மாதிரி.

கூக்கா சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'யாரு கோவமா இருக்கீங்களோ இப்பவே சொல்லிடுங்க. மனுஷங்ககிட்ட மறைக்கலாம், பானைக்குத் தெரியும். ஒத்துக்கிட்டு, அது முன்னாடி ஆடினாத்தான் வேகும். வா ஓதிலியா, வந்து ஆடு' என்றாள். எட்டு மாத வயிற்றோடு ஆட வேண்டுமாம். கரண்டியை எடுத்தேன், எறிந்திருப்பேன். அப்போது உன் அம்மா மூடியைக் கீழே வைத்தார்.

'அவ இல்ல கூக்கா. நான்தான்' என்றார்.

அவர் என்னைப் பார்க்காமல் பானையைப் பார்த்தே சொன்னார்: 'எம் பையன் மேல. டிசம்பர் வரைக்கும் வரமாட்டானாம். விசேஷம் முடியற வரைக்கும் அவகிட்ட சொல்லாதீங்கம்மான்னுட்டான். பதினோரு நாளா இத வயித்துல வச்சுக்கிட்டு இவ மூஞ்சியப் பாக்கறேன். இதோட மாவு பிசைஞ்சா எப்படி வேகும்?'

பதினோரு நாள். பெற்றவளை இப்படியா வாய்க்குப் பூட்டுப் போட்டு வைப்பாய்? உனக்கே தைரியமில்லாத பேச்சை அறுபத்திரண்டு வயது மனுஷி தூக்கிச் சுமக்க வேண்டுமா? மாடி அறைக்குக் கூரை போடப் பணம் வேண்டும் என்று சொன்னாயாம். நான் கூரையா கேட்டேன்?

அங்கே நின்று அழ எனக்கு நேரமில்லை. தண்ணீர் வற்றியதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் அம்மாவின் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வேன்? 'தள்ளுங்க எல்லாரும்' என்று சொல்லிவிட்டுப் பானை பக்கம் போனேன். இந்தத் தடவை ஒருத்தியும் தடுக்கவில்லை. கருகிய மடலை எடுத்தேன், ஓரமாகக் கொதிநீர் ஊற்றினேன், ஈரத்துணி போட்டு மூடினேன். கட்டினால் கண்பட்டது போய்விடும் என்று நம்பும் சித்திக்காக, பானையின் காதில் மடலைக் கிழித்து ஒரு முடிச்சும் கட்டினேன். உன் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த முழங்காலோடு, பானைக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார். நாங்கள் கை தட்டினோம். அவர் அழுதுகொண்டே ஆடினார். சிரிப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை மணிக்கு வெந்தது. பஞ்சு மாதிரி. கூக்கா சித்தி, 'பார்த்தீங்களா, நான் சொல்லல?' என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தாள். உன் மாமன்மார் ஆளுக்கு ஐந்து தின்றார்கள். ஜெல்லிப் பால்புட்டியை நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்தவர்களெல்லாம் தட்டை வாங்கிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: 'எவரார்தோ எப்ப வர்றான்?' உன் அம்மா ஒவ்வொரு முறையும் கஞ்சிப் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான்தான் சொன்னேன். ஐந்தாம் தேதி என்று சொன்னேன். நூற்றிருபது பேரிடமும் சிரித்த முகத்தோடு ஐந்தாம் தேதி என்றே சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே நிஜம் போல இருந்தது.

உன் அம்மா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறார். அவர் ஆசீர்வாதம் வேறு, என் கோபம் வேறு, எழுதிவிட்டேன். ஏணியில் நிற்கும்போது மாதா உன் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். இரவில் கால் வலிக்கிறது, பிள்ளை இடது பக்கமே உதைக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் என்று இவர்கள் சொல்வதெல்லாம் பாதிக்கு மேல் அதுதான்.

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், எவரார்தோ. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்,
ஓதிலியா